குறைந்த செலவில் எடுத்த பழைய திகில் படங்களையும் அவற்றின் நடிகர்களையும் ரசிப்பது எப்படி

பழைய, குறைந்த செலவுத் திகில் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக அவற்றைத் தவறவிடுகிறார்கள். சிலர் இன்றைய படங்களின் வேகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்து, முதல் இருபது நிமிடங்களிலேயே சலித்து எழுந்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஆடும் அட்டைச் சுவரையும் கயிற்றில் தொங்கும் வௌவாலையும் சுட்டிக்காட்டிச் சிரிப்பதற்காகவே பார்க்கிறார்கள். இரு சாராருக்கும் படத்தில் உண்மையில் நடப்பது கண்ணில் படுவதில்லை. 1930களின் தொடக்கத்திலிருந்து 1960களின் இறுதிவரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தாலியிலும் வந்த இந்தப் படங்களில், பணம் செய்திருக்க வேண்டிய வேலையை நிழலும் ஒலியும் செய்தன. அவையும் செய்ய முடியாததை நடிகர்கள் தங்கள் குரலாலும் கண்களாலும் நடையாலும் செய்தார்கள். ஆகவே இப்படங்களை ரசிக்கப் பழகுவது என்பது பெரும்பாலும் நடிகர்களைக் கவனிக்கப் பழகுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முதல் வேலை நல்ல பிரதியைத் தேடுவது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இப்படங்களின் பெயர் கெட்டதற்கு மோசமான பிரதிகளே பெரிய காரணம். ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ 1968இல் வெளியானபோது அதன் பெயர் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டது. புதிய பெயர் அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம் என்றானதும், பிரதியிலிருந்து எடுத்த பிரதியாகச் சாம்பல் பூத்த, முகங்கள் வெளிறிய, வசனம் கரகரக்கும் படமாகவே பல பத்தாண்டுகள் அது மக்களைச் சென்றடைந்தது. 2016இல் மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட பிரதியைப் பார்க்கிறவருக்கு, அந்தப் பண்ணை வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒளி எவ்வளவு யோசித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது முதல் முறையாகத் தெரியும். எனவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் முதல் பிரதியோடு நின்றுவிடாதீர்கள். மீட்டெடுத்த பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னாளில் வண்ணம் பூசிய பிரதிகளை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். நிழலுக்காகவே அமைத்த காட்சியில் நிறத்தை ஏற்றினால் அந்த நிழல் செத்துப்போகும்.

இரண்டாவதாக, திரையின் அளவைச் சரிபாருங்கள். 1950களின் தொடக்கம்வரை வந்த படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்கு நெருங்கிய சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. தொலைக்காட்சி அதை இருபுறமும் இழுத்து அகலமாக்கினால் முகங்கள் தட்டையாகும். மேலும் கீழும் வெட்டினால் ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே விட்டுவைத்த இருண்ட கூரைகள் காணாமல்போகும். அறையை முழுமையாக இருட்டாக்குவதும், கைபேசியை வேறு அறையில் வைப்பதும் அவசியம். இப்படங்களில் பெரும்பாலானவை 60 நிமிடங்களிலிருந்து 80 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்; அவ்வளவு நேரம் முழுக் கவனத்தையும் கொடுப்பது யாருக்கும் இயலாத காரியமன்று.

முதல் படமாக எதைத் தேர்ந்தெடுப்பது

என் பரிந்துரை 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’. ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனம் அந்த ஆண்டில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் திகில் படப் பிரிவு ஒன்றை ஒப்படைத்தது. நிபந்தனைகள் கறாரானவை: ஒரு படத்துக்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவிடக் கூடாது, படம் 75 நிமிடங்களைத் தாண்டக் கூடாது, தலைப்பை நிறுவனமே முடிவு செய்யும். அந்த எல்லைக்குள் நின்று 1946வரை லூட்டன் ஒன்பது திகில் படங்களைத் தயாரித்தார். தலைப்புகள் மலிவான பரபரப்போடு இருக்கும். உள்ளே தனிமையையும் குற்ற உணர்வையும் மரண ஆசையையும் பற்றிய, பெரியவர்களுக்கான கதைகள் இருக்கும். தலைப்பைக் கண்டு ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இந்தத் தொகுதியைவிட நல்ல சான்று இல்லை.

‘கேட் பீப்பிள்’ படத்தின் நாயகி இரேனா, செர்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவள். உணர்ச்சி வசப்பட்டால் தான் சிறுத்தையாகிவிடுவோம் என்று அஞ்சுகிறவள். இயக்குநர் ஜாக் தூர்னரும் ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராக்காவும் அந்த மாற்றத்தைக் காட்டுவதேயில்லை. இப்படத்தைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்திருங்கள்: இங்கே எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்? இரவில் பூங்காவை ஒட்டிய பாதையில், இரேனாவின் கணவனோடு பணிபுரியும் ஆலிஸ் தனியே நடக்கும் காட்சி வரும். அவளுக்குப் பின்னால் இரேனாவின் குதிகால் ஒலி கேட்கிறது. விளக்குக் கம்பத்தின் ஒளி வட்டம், பிறகு இருள், பிறகு மீண்டும் ஒளி வட்டம். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த காலடி ஓசை நின்றுவிடுகிறது. ஓசை நின்றதுதான் ஆலிஸை ஓடவைக்கிறது. உச்சத்தில் சீறிக்கொண்டு திரைக்குள் பாய்வது ஒரு பேருந்து. படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் அமைத்த இந்த வெட்டு, திடுக்கிடவைத்துப் பிறகு ஒன்றுமில்லை என்று காட்டும் உத்திக்கே ‘லூட்டன் பேருந்து’ என்ற பெயரை வாங்கிக்கொடுத்தது. இந்தக் காட்சியை ஒரு முறை இயல்பாகப் பாருங்கள். அடுத்த முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றாம் முறை கண்ணை மூடி ஒலியை மட்டும் கேளுங்கள். பயம் படத்தில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்தப் பயிற்சி நேரடியாகக் காட்டிவிடும். பின்னர் வரும் நீச்சல் குளக் காட்சியிலும் கூரையில் ஆடும் நீரின் ஒளியும், எதிரொலிக்கும் உறுமலும், குளத்தின் நடுவில் திரும்பித் திரும்பிப் பார்க்கும், ஆலிஸாக நடித்த ஜேன் ராண்டால்ஃபின் முகமும் தவிர வேறு எதுவும் இல்லை.

இங்கே சிமோன் சிமோனின் நடிப்பையும் நிதானமாகக் கவனிக்க வேண்டும். இரேனாவை ஒரு கொடிய விலங்காக நடிக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவரோ அவளை அன்பு வேண்டி ஏங்கும், கணவனைத் தொட அஞ்சும் ஒரு பெண்ணாகவே நடித்தார். படத்தை நம்பவைப்பது அந்த ஏக்கம்தான். அவள் யாரையாவது தாக்கிவிடுவாளோ என்று அஞ்சும் நாம், அதே நேரத்தில் அவளுக்காகவும் அஞ்சுகிறோம்.

ஒலியைத் தனியே கேட்கப் பழகுதல்

காட்ட முடியாததைக் கேட்கவைப்பது மலிவானது. அதனால் இப்படங்களில் ஒலி மிகவும் முன்னேறிய கலையாக இருக்கிறது. லூட்டன் தயாரிப்பில் ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி பாடி ஸ்நாட்சர்’ (1945) படத்தில், தெருவில் பாடிப் பிழைக்கும் ஒரு பெண் இருண்ட வளைவுப் பாதைக்குள் நடந்து போகிறாள். அவளைத் தொடர்ந்து, போரிஸ் கார்லாஃப் நடித்த வண்டிக்காரனின் குதிரை வண்டியும் உள்ளே போகிறது. கேமரா அசையாமல் நிற்கிறது. பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு சொல்லின் நடுவில் அறுந்து நிற்கிறது. கொலை முடிந்துவிட்டது. ஒரு துளி ரத்தமும், கூடுதலாக ஒரு டாலரும் அந்தக் காட்சிக்குத் தேவைப்படவில்லை.

1932இல் 11 நாட்களில் எடுக்கப்பட்ட ‘ஒயிட் ஸாம்பி’ படத்தின் கரும்பு ஆலைக் காட்சியும் இவ்வாறே கேட்க வேண்டியது. பேச்சற்ற தொழிலாளர்கள் செக்கைச் சுற்றி வர, மரம் மரத்தோடு உராயும் முனகல் ஓயாமல் ஒலிக்கிறது. ஒருவன் தவறி உள்ளே விழும்போதும் யாரும் நிற்கவில்லை, முனகலும் மாறவில்லை. அடிமை உழைப்பின் கொடுமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சிகள் அந்தக் காலப் பெரிய படங்களிலும் குறைவு.

ஹெர்க் ஹார்வியின் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஹார்வி கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் கல்விப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்து வாழ்ந்தவர். யூட்டா மாநிலத்தில் பெரிய உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்ஏர் என்ற கேளிக்கை மண்டபத்தைப் பயண வழியில் பார்த்ததும், அதற்காகவே ஒரு கதை வேண்டும் என்று தன்னோடு பணிபுரிந்த ஜான் கிளிஃபோர்டிடம் கேட்டு எழுதவைத்தார். ஏறக்குறைய 33,000 டாலரில் படம் முடிந்தது. வெளிறிய முகத்தோடு நாயகியைத் தொடரும் உருவமாக ஹார்வியே நடித்தார். படம் முழுவதும் தேவாலய ஆர்கன் இசை ஒலிக்கும். துணிக்கடையில் நாயகி நிற்கும்போது திடீரென்று உலகத்தின் ஓசைகள் எல்லாம் அணைந்துபோகின்றன. அவள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேண்டஸ் ஹில்லிகாஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அலறலுக்குப் போகாமல், தன் இருப்பே ஐயத்துக்கு உள்ளாகிவிட்ட ஒருத்தியின் தயக்கத்தை முகத்தில் வைக்கிறார். சுற்றியுள்ள உள்ளூர் நடிகர்கள் பலர் பயிற்சியற்றவர்கள். அவர்களின் சற்றே விறைத்த பேச்சுகூட நாயகி எதனோடும் ஒட்டாமல் போவதற்குத் துணை செய்கிறது.

செட்டுகளைக் கண்டுகொள்வது

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டு மூன்று படங்களைப் பார்த்ததும் அதே மாடிப்படி, அதே கல்லறை, அதே கோட்டை வாசல் திரும்பத் திரும்ப வருவதை நீங்களே கண்டுகொள்வீர்கள். ‘கேட் பீப்பிள்’ படத்தில் வரும் பெரிய மாடிப்படி, ஆர்.கே.ஓ. முன்பே பெரும் செலவில் எடுத்த வேறொரு படத்துக்காகக் கட்டப்பட்டது. பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு பழைய மாளிகையை பிரே ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டது. கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சன் ஒரே செட்டைச் சுவர் மாற்றி, தூண் மாற்றி, வண்ணம் மாற்றி அடுத்தடுத்த படங்களுக்குப் பயன்படுத்தினார். ‘தி பிளேக் ஆஃப் தி ஸாம்பீஸ்’, ‘தி ரெப்டைல்’ ஆகிய இரண்டு 1966ஆம் ஆண்டுப் படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தால், ஒரே கிராமம் எப்படி இரண்டு ஊர்களாகிறது என்பது புரியும். இதைக் குறையாக எண்ண வேண்டாம். ராபின்சனின் திறமை வெளிப்படுவதே இங்குதான்.

நடிகர்களிடம் வருவோம்

ஒரு நடிகரை அறிய ஒரு படம் போதாது. குறைந்தது இரண்டு படங்களை, அவற்றில் ஒன்று அவரது புகழ்பெற்ற வேடமாகவும் மற்றொன்று அதற்கு எதிரான குணமுள்ள வேடமாகவும் தேர்ந்தெடுத்து, சில நாட்கள் இடைவெளியில் பார்க்க வேண்டும். இந்த முறையை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

போரிஸ் கார்லாஃப் 1887இல் லண்டனில் பிறந்தவர். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1931ஆம் ஆண்டின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டுமே இருந்தது. அப்படம் யுனிவர்சல் நிறுவனத்தின் முக்கியப் படம்தான், மலிவான படமல்ல. ஆனால் அதிலிருந்து தொடங்கினால்தான் பின்னாளில் குறைந்த பணத்தில் அவர் என்ன செய்தார் என்பது விளங்கும். கூரை திறக்கும்போது வரும் ஒளியை அந்த உயிர் கைகளால் பிடிக்க முயலும் காட்சியில் அவர் கைகளை மட்டும் பாருங்கள். அதன்பின் ‘தி பாடி ஸ்நாட்சர்’ படத்தில் வண்டிக்காரன் கிரேயாக அவரைப் பாருங்கள். இங்கே ஒப்பனை இல்லை; முகம் மலர்ந்த சிரிப்பும் குழைவான பேச்சும்தான். தன்னை மிரட்டிப் பணம் பறிக்க வந்த வேலைக்காரனுக்கு மது ஊற்றிக்கொடுத்து, அன்பாகப் பேசிக்கொண்டே அவனைக் கொல்கிறார். அந்த வேலைக்காரனாக நடித்தவர் பெலா லுகோசி. இருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படம் அது. ஒருவர் உச்சத்தில் இருக்க, மற்றவர் சில நிமிட வேடத்துக்கு வந்திருக்கும் அந்தக் காட்சியில் இரண்டு வாழ்க்கைகளும் ஒருசேரத் தெரிகின்றன.

லுகோசியைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அவரைப் போல அநியாயமாக நகைப்புக்கு ஆளான நடிகர் இத்துறையில் வேறு யாரும் இல்லை. 1882இல், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த லுகோஸ் நகரில் பிறந்து, தாய்நாட்டு மேடையில் பயின்று, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1927இல் பிராட்வே மேடையில் டிராகுலாவாகப் புகழ்பெற்றவர் அவர். 1931இல் அதே வேடத்தைத் திரையில் நடிக்க அவருக்குக் கிடைத்தது வாரம் 500 டாலர் வீதம் ஏழு வாரங்களுக்கு 3,500 டாலர் மட்டுமே. பின்னர் மோனோகிராம், பி.ஆர்.சி. போன்ற, ஹாலிவுட்டின் ‘வறுமைத் தெரு’ என்று அழைக்கப்பட்ட சிறு நிறுவனங்களின் படங்களே அவருக்கு வாழ்வாதாரமாயின. அவர் பேச்சைக் கேட்கும்போது சொற்களின் பொருளோடு நின்றுவிடாமல் அவற்றின் தாளத்தைக் கேளுங்கள். ஆங்கில வாக்கியத்தை எதிர்பாராத இடத்தில் நிறுத்தி, அடுத்த சொல்லை நீட்டி, கேட்பவரைக் காத்திருக்கவைக்கும் அந்த முறை மேடையில் உருவானது. ‘ஒயிட் ஸாம்பி’ படத்தில் விரல்களைக் கோத்துப் பூட்டும் சைகையை அவர் எவ்வளவு மெதுவாகச் செய்கிறார் என்று கவனியுங்கள். பணமில்லாத அந்தப் படத்தில் மந்திரம் என்று ஒன்று இருந்தால் அது அந்த விரல்களில்தான் இருக்கிறது.

அவரது பிற்காலப் படங்களில் எட் வுட் இயக்கிய ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ (1955) பலவீனமான படம். கதையும் செட்டும் சரியில்லை. ஆனாலும் அதில் லுகோசி தன் நாட்டிலிருந்து விரட்டப்பட்டு, வீடற்றவனாக, விலங்கைப் போல ஒளிந்து வாழ்ந்ததைச் சொல்லும் ஒரு நீண்ட பேச்சு இருக்கிறது. 70 வயதைக் கடந்து, நோயாலும் போதை மருந்துப் பழக்கத்தாலும் தளர்ந்திருந்த அவர், ஒரு தேசிய அரங்கில் நிற்பது போன்ற முழு ஈடுபாட்டோடு அதைப் பேசுகிறார். படத்தின் தரம் தன் நடிப்பின் தரத்தைத் தீர்மானிக்க அவர் விடவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் காலமானார். அந்தப் பேச்சுக்காக அப்படத்தை ஒரு முறையாவது முழுமையாகப் பார்க்க வேண்டும்.

வின்சென்ட் பிரைஸ் வேறொரு பள்ளியைச் சேர்ந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவர், ஓவியங்களைச் சேகரித்தவர், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மாணவர்களுக்காக ஒரு கலைத் தொகுப்பையே வழங்கியவர். ரோஜர் கோர்மன் 1960இல் எட்கர் ஆலன் போவின் கதையை வைத்து எடுத்த ‘ஹவுஸ் ஆஃப் அஷர்’ 15 நாட்களில் முடிந்த படம். அதுவரை அதைத் தயாரித்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் இரண்டு மலிவான கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேர்த்து வெளியிடும் வழக்கம் கொண்டது. கோர்மன் அந்தப் பணத்தை ஒரே வண்ணப் படத்தில் போடச் சொன்னார். ராட்சசன் இல்லாத திகில் படமா என்று கேட்டவர்களிடம், வீடுதான் ராட்சசன் என்று சொல்லிச் சமாளித்ததைக் கோர்மன் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பிரைஸ் மீசையை மழித்து, முடியை வெளிறவைத்து, சிறு ஓசையும் காதைக் குத்தும் நோயாளியாக நடிக்கிறார். அவர் மெல்லப் பேசப் பேச, மற்றவர்களின் சாதாரணப் பேச்சே நமக்கு இரைச்சலாகக் கேட்கத் தொடங்கும். ஒரு நடிகரின் குரல் நம் செவியையே மாற்றிவிடுவதை இங்கே உணரலாம்.

அதற்கு எதிர்ப்புறம் வைத்துப் பார்க்க வேண்டியது 1968இல் மைக்கேல் ரீவ்ஸ் இங்கிலாந்தில் எடுத்த ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’. ரீவ்ஸ் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். பிரைஸின் பழகிய அலங்காரங்கள் அத்தனையையும் அவர் தடுத்தார். படப்பிடிப்பு முழுவதும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. விளைவாகக் கிடைத்தது, கண்ணில் ஈரமற்ற, குரல் உயராத, சட்டத்தின் பெயரால் கொல்லும் ஒரு மனிதன். படத்தைப் பார்த்தபின் இளைஞர் கேட்டது சரி என்று பிரைஸே ஒப்புக்கொண்டார். இரண்டு படங்களில் எது சிறந்தது என்று என்னிடம் கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன். ஆனால் முதலாவதைப் பார்க்காதவருக்கு இரண்டாவதில் அவர் எதையெல்லாம் துறந்தார் என்பது தெரியாது.

ஹேமர் நிறுவனத்தின் இரட்டையர்களான பீட்டர் குஷிங்கையும் கிறிஸ்டோபர் லீயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏறக்குறைய 65,000 பவுண்டில், டெரன்ஸ் ஃபிஷர் இயக்கத்தில் 1957இல் வந்த ‘தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ இருவரையும் உலகறியச் செய்தது. குஷிங்கைப் பார்க்கும்போது அவர் கையில் உள்ள பொருளைப் பாருங்கள். பிணத்தின் தலையை அறுத்தபின் ரத்தக் கையைத் தன் விலையுயர்ந்த கோட்டிலேயே இயல்பாகத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். அந்த ஒரு அசைவில் அறிவியல் வெறியும் மேட்டுக்குடித் திமிரும் சேர்ந்து வந்துவிடுகின்றன. லீயோ மிக உயரமானவர். அந்த உயரத்தாலேயே தொடக்க காலத்தில் வாய்ப்புகளை இழந்தவர். 1958இன் ‘டிராகுலா’வில் அவர் படியின் உச்சியில் நிழலுருவாகத் தோன்றுகிறார், நாம் அச்சத்துக்குத் தயாராகும்போது, விறுவிறுவென்று இறங்கி வந்து மிகவும் பண்பான குரலில் விருந்தினரை வரவேற்கிறார். பிறகு படத்தின் பெரும்பகுதியில் அவருக்கு வசனமே இல்லை. 1966இல் வந்த ‘டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ படத்தில் அவர் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, ஆயினும் அவர் அறைக்குள் வந்ததும் மற்றவர்கள் சிறுத்துப்போகிறார்கள். அதே படத்தில் பார்பரா ஷெல்லியையும் விட்டுவிடாதீர்கள். கழுத்துவரை பொத்தானிட்ட, எல்லாவற்றையும் கண்டிக்கும் ஒரு மனைவியாக அறிமுகமாகி, கடி பட்டபின் கூந்தலை அவிழ்த்துச் சிரித்து வரும்போது அவரது முதுகெலும்பே வேறாகிவிடுகிறது.

இத்தாலிக்குப் போனால் பார்பரா ஸ்டீல். ஒளிப்பதிவாளராக வளர்ந்த மரியோ பாவா 1960இல் இயக்கிய ‘பிளாக் சண்டே’ படத்தில் அவருக்கு இரட்டை வேடம்: முகத்தில் ஆணி முகமூடி அறைந்து கொல்லப்பட்ட சூனியக்காரியும், அவளது வழிவந்த இளவரசியும். அவர் குரலுக்கு வேறொருவர் பின்னணி கொடுத்திருக்கிறார். ஆகவே நமக்குக் கிடைப்பது கண்களும் நெற்றியும் கழுத்தின் திருப்பமும் மட்டுமே. இரண்டு பெண்களில் யார் நம் முன்னே நிற்கிறாள் என்பதை அவர் இமைகளை வைத்தே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் வெளியான பதிப்பு வெட்டப்பட்டு, வேறு இசை சேர்க்கப்பட்டது. கூடுமானவரை இத்தாலியப் பதிப்பைத் தேடுங்கள்.

துணை நடிகர்கள்

இப்படங்களின் உண்மையான செல்வம் இவர்களிடம் இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் ‘டிராகுலா’ படத்தில் டுவைட் ஃப்ரை நடித்த ரென்ஃபீல்டை, கப்பலின் அடித்தளத்திலிருந்து மேலே பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பை, ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார். அதன்பின் பெரும்பாலும் பைத்தியக்கார வேடங்களும் சிறு வேடங்களுமே பெற்று, ஃப்ரை 1943இல் நடுத்தர வயதிலேயே மறைந்தார். எலிசபெத் ரஸ்ஸல் ‘கேட் பீப்பிள்’ படத்தின் உணவக விருந்தில் ஒரு நிமிடம்கூட இருப்பதில்லை. எழுந்து வந்து இரேனாவை ‘என் சகோதரி’ என்று செர்பிய மொழியில் அழைத்துவிட்டுப் போகிறார். அந்த அழைப்புக்குப் பின் படம் பழைய படமாக இருப்பதில்லை. தெரேசா ஹாரிஸ், டார்பி ஜோன்ஸ் முதலிய கறுப்பின நடிகர்களுக்கு அக்காலம் பெரும்பாலும் அவமதிக்கும் வேடங்களையே தந்தது. ‘ஐ வாக்ட் வித் எ ஸாம்பி’ (1943) படத்தில் ஹாரிஸின் பணிப்பெண் நயமும் அறிவும் உள்ளவளாக வருகிறாள்; கரும்புக் காட்டின் நாற்சந்தியில் அசையாமல் நிற்கும் ஜோன்ஸின் உருவமே படத்தின் அடையாளமாகிவிட்டது. ஒரு நடிகரின் பெயர் பட்டியலில் எத்தனையாவதாக வருகிறது என்று பார்க்காமல், அவர் வந்தபின் காட்சி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிடித்திருந்தால் பெயரைக் குறித்துவைத்து அவரது அடுத்த படத்தைத் தேடுங்கள்.

டிக் மில்லரும் அப்படித் தேட வேண்டியவர். ஐந்து நாட்களில் எடுக்கப்பட்ட ‘எ பக்கெட் ஆஃப் பிளட்’ (1959) அவருக்கு நாயக வேடம் தந்தது. கோர்மன் ஏறக்குறைய இரண்டே நாட்களில் எடுத்து, அடுத்த ஆண்டு வெளிவந்த ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ அதைவிடப் புகழ்பெற்றது. ஆனால் கலைஞனாக மதிக்கப்பட வேண்டும் என்ற பரிதாபமான ஆசையால் கொலைகாரனாகும் மில்லரின் வால்டர்தான் ஆழமானவன் என்பது என் கருத்து. வேகமாக எடுத்தார்கள் என்பது தன்னளவில் பெருமையாகாது.

மனச்சான்றோடு பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. ரொண்டோ ஹாட்டன் என்பவருக்கு அக்ரோமெகலி என்ற நோயால் முகமும் கைகளும் உருமாறியிருந்தன. யுனிவர்சல் நிறுவனம் அந்த நோயையே விளம்பரப்படுத்தி, ஒப்பனையின்றி அவரைக் கொலைகாரனாகக் காட்டியது. 1946இல் அவர் இறந்தபின் வெளியான ‘தி ப்ரூட் மேன்’ படத்தைப் பார்க்கிறவர்கள் அந்த மனிதரின் பொறுமையான, சோகமான இருப்பைக் கவனிக்கலாம். அவரைப் பயன்படுத்திய விதத்தைப் பாராட்ட வேண்டியதில்லை.

மோசமான படங்களை என்ன செய்வது

எல்லாம் நல்ல படங்கள் என்று நான் சொல்லவில்லை. பல படங்கள் அவசரமானவை, சில சலிப்பானவை. ஒரு காட்சி தோற்றால் பணம் போதாமல் தோற்றதா, யோசனை போதாமல் தோற்றதா என்று பிரித்துப் பாருங்கள். ரப்பர் வௌவால் பணக்குறைவு. அதை முழு வெளிச்சத்தில் நெடுநேரம் காட்டுவது யோசனைக் குறைவு. முதல் வகையை மன்னிக்கலாம், இரண்டாவதை மன்னிக்கத் தேவையில்லை. ஏளனம் செய்வதற்காகக் கூடும் கூட்டத்தோடு முதல் முறை பார்க்க வேண்டாம். சிரிப்பொலியில் முதலில் மூழ்குவது நடிகரின் குரல்தான்.

இந்தப் பயிற்சி ஓரளவு கைவந்தபின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்குப் போகலாம். பிட்ஸ்பர்க் அருகே ஏறக்குறைய 1,14,000 டாலரில் எடுத்த இந்தப் படத்தில் ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் வேறுபாடு தெரியவில்லை. பென் என்ற நாயகனை எழுத்தில் முரட்டு லாரி ஓட்டுநராக வைத்திருந்தார்கள். தேர்வில் சிறப்பாக நடித்ததற்காக எடுக்கப்பட்ட டுவேன் ஜோன்ஸ் கற்றவர், ஆசிரியர். அவர் அந்தப் பேச்சு வழக்கை மாற்றி, நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் மனிதனாக பென்னை உருவாக்கினார். கதவுக்குப் பலகை அடிக்கும் காட்சிகளில் அவர் கைகள் ஓயாமல் வேலை செய்வதையும், குரல் உயராமல் இருப்பதையும் கவனியுங்கள். கறுப்பின நாயகனுக்கு நேரும் முடிவு 1968ஆம் ஆண்டின் அமெரிக்காவில் என்ன பொருள் தந்தது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அந்த அறிவு அவர் நடிப்பில் தெரிகிறது.

‘டார்கெட்ஸ்’ (1968) படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்லாஃப் கோர்மனுக்கு இரண்டு நாள் நடிப்புக் கடன் பட்டிருந்தார். அந்த நாட்களைப் பயன்படுத்தி ஒரு படம் எடுக்கும்படி கோர்மன் இளம் பீட்டர் போக்டனோவிச்சிடம் சொன்னார். ஓய்வுபெற விரும்பும் வயதான திகில் பட நடிகராக, ஏறக்குறைய தானாகவே, கார்லாஃப் நடித்திருக்கிறார். நடுவில், மரணத்திடமிருந்து தப்பி சமாராவுக்கு ஓடும் வேலைக்காரனின் பழங்கதையை அவர் வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் சொல்கிறார். அதற்கு முன் 1963இல் வந்த ‘தி டெரர்’ படத்தைப் பார்த்துவிடுவது நல்லது. வேறொரு படத்தின் செட்டுகள் கலைக்கப்படுவதற்குள் அவசரமாக எடுக்கப்பட்ட சுமாரான படம்தான் அது. ஆனால் ‘டார்கெட்ஸ்’ படத்தில் அந்த முதிய நடிகர் திரையில் பார்ப்பது அதன் காட்சிகளையே என்பதால், முன்பே பார்த்தவருக்கு அவர் முகத்தில் ஓடுவது எளிதில் விளங்கும்.